26 மாதங்களும் அதற்குப் பிறகும்: மார்ஷா லினஹன் – ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், ஹார்ட்ஃபர்ட் நகரத்தில் உள்ள மனநல மருத்துவமனை இன்ஸ்டிடியூட் ஆஃப் லிவிங். அங்கே 1963 மே 31 அன்று எழுதப்பட்ட டிஸ்சார்ஜ் குறிப்பு ஒன்று இருக்கிறது. 26 மாதம் உள்நோயாளியாக இருந்த மிஸ் லினஹன், அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் மருத்துவமனையிலேயே மிக மோசமாகப் பாதிக்கப்பட்டிருந்த நோயாளிகளில் ஒருவர் என்கிறது அது. சேர்க்கப்பட்டபோது அவருக்கு வயது 17.

அந்தப் பெண்தான் பின்னாளில் வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் மார்ஷா லினஹன். உணர்ச்சிகளும் உறவுகளும் கட்டுக்குள் நிற்காமல் அலைக்கழிக்கும் பார்டர்லைன் ஆளுமைக் கோளாறுக்கு, அதாவது பிபிடிக்கு, இன்று உலகெங்கும் அதிகமாகப் பேசப்படும் டயலெக்டிகல் பிஹேவியர் தெரபியை உருவாக்கியவர். தமிழில் இயங்கியல் நடத்தைச் சிகிச்சை எனலாம். துறைக்குள் இருப்பவர்கள் டிபிடி என்கிறார்கள். 2011 ஜூனில், அதே மருத்துவமனைக்குத் திரும்பிப் போய், குடும்பத்தாரும் நண்பர்களும் மருத்துவர்களும் உட்கார்ந்திருந்த அரங்கில் தன் கதையை முதன்முதலாகப் பொதுவில் சொன்னார். தி நியூயார்க் டைம்ஸ் அதை விரிவாக வெளியிட்டது. 2020-ல் தன்வரலாறாகவும் எழுதினார். நோயாளியின் தனிமை காக்கப்பட வேண்டிய இந்தத் துறையில், நோயாளியே தன் கோப்பைத் திறந்துகாட்டிய அரிய நிகழ்வு இது. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

சாதனைக் கதையாக இதைப் படிக்கலாம். பலர் அப்படித்தான் படிக்கிறார்கள். எனக்கு வேறொரு கேள்வி முக்கியம். ஒரே பெண், ஒரே வேதனை. ஓரிடத்தில் மோசமானது, இன்னோரிடத்தில் தணிந்தது. இடையில் மாறியது என்ன? இதற்கான பதில், பிபிடியோடு வாழும் ஒருவரை வீட்டில் வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நேரடியாகப் பயன்படும் என்று நம்புகிறேன்.

நோயாளி

சொந்த ஊர் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா. அப்பா எண்ணெய்த் தொழிலில் இருந்தவர். அம்மா வீட்டையும் பார்த்துக்கொண்டு ஊர்ச் சங்கங்களிலும் விசேஷங்களிலும் முன்னால் நின்றவர். ஆறு பிள்ளைகளில் மார்ஷா மூன்றாவது. நன்றாகப் படிப்பார், பியானோ வாசிப்பார். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு ஒரு குறையும் தெரிந்திருக்காது. தெரிந்ததெல்லாம் தலைவலி, அதுவும் சில நாள் தலையைத் தூக்க முடியாத அளவுக்கு. உள்ளூர் மனநல மருத்துவர் ஒருவர் ஹார்ட்ஃபர்டுக்கு அனுப்பச் சொன்னார். 1961 மார்ச் 9 அன்று சேர்க்கப்பட்டார்.

உள்ளே போன பிறகு நிலைமை வேகமாகச் சரிந்தது. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் உந்துதல் அடங்கவே இல்லை. அவரைத் தனியறையில் அடைத்தார்கள். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, கம்பி போட்ட சின்ன ஜன்னல். வேறொன்றும் இல்லாத அந்த அறையிலும் தன்னைக் காயப்படுத்திக்கொள்ள அவர் வழி கண்டுபிடித்தார். ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு, என்று நோய்க்குப் பெயர் வைத்தார்கள். தோரசின், லிப்ரியம் போன்ற மருந்துகள் கொடுத்தார்கள். மணிக்கணக்கில் ஃப்ராய்டிய உளப்பகுப்பாய்வு நடந்தது. மின்னதிர்வுச் சிகிச்சை முதல் சுற்றில் 14 முறை, இரண்டாம் சுற்றில் 16 முறை. எதற்கும் நோய் அடங்கவில்லை, மறுபடி அதே தனியறை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மின்னதிர்வுச் சிகிச்சையே கொடுமை என்று இதைப் படித்துவிட்டு யாரும் முடிவுகட்டக் கூடாது. மயக்கம் கொடுத்து, தசைத் தளர்வு மருந்தோடு இன்று செய்யப்படும் அந்தச் சிகிச்சை கடும் மனச்சோர்வில் உயிரைக் காப்பாற்றுகிறது. மார்ஷாவுக்கு நேர்ந்த பிசகு வேறு. அவருக்கு இருந்த நோய்க்கு அப்போது பெயரே சரியாக இல்லை.

பெயர் வந்த கதை

பதற்றம் போன்ற மனக் கோளாறுகள் (நியூரோசிஸ்) ஒருபக்கம், நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகும் மனப்பிறழ்வு (சைகோசிஸ்) மறுபக்கம், இரண்டுக்கும் இடையிலான எல்லையில் நிற்பவர்கள் என்ற பொருளில் 1938-ல் அடால்ஃப் ஸ்டெர்ன் என்ற உளப்பகுப்பாய்வாளர் ‘பார்டர்லைன்’ என்ற சொல்லைக் கையாண்டார். 1975-ல் ஜான் கண்டர்சன் இதன் அடையாளங்களைத் தெளிவாக வரையறுத்தார். 1980-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேட்டில் இடம் கிடைத்தது. மார்ஷா அடைக்கப்பட்டுக் கிடந்தது அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டு முன்பு. இளம் வயது மார்ஷாவைத் தானே சோதித்தால் பிபிடி என்றுதான் எழுதுவேன் என்பது பிற்காலத்தில் அவர் சொன்னது.

கையேடு ஒன்பது அடையாளங்களைச் சொல்கிறது. ஐந்து இருந்தால் நோயறிதல். அவற்றை நம் வீட்டு மொழியில் சொன்னால் இப்படி இருக்கும். நெருங்கியவர் விட்டுப் போய்விடுவாரோ என்று எந்நேரமும் அடிவயிற்றில் ஒரு பயம். காலையில் தெய்வமாகத் தெரிந்தவர் மாலையில் துரோகியாகத் தெரிவது. நான் யார், எனக்கு என்ன பிடிக்கும் என்பதே பிடிபடாமல் போவது. பணம், சாப்பாடு, வண்டி ஓட்டம், உறவு என்று ஏதோ ஒன்றில் முன்பின் யோசிக்காமல் இறங்குவது. தற்கொலை முயற்சியோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வதோ திரும்பத் திரும்ப நடப்பது. சில மணி நேரத்திலேயே தலைகீழாகும் மனநிலை. உள்ளே எதுவுமே இல்லை என்கிற வெறுமை. அடக்க முடியாத கோபம். மிகுந்த நெருக்கடியில், எல்லோரும் எனக்கு எதிரி என்ற சந்தேகமோ, நானே இங்கு இல்லை என்பது போன்ற விலகலோ.

ஒரு மெசேஜுக்குப் பதில் வரவில்லை என்பதற்காக ஒருத்தி இரவு முழுக்க அழுதால், வீட்டில் ‘நாடகம் போடுறா’, ‘செல்லம் கொடுத்துக் கெடுத்தாச்சு’ என்பார்கள். லினஹன் இதற்கு ஓர் உவமை சொன்னார். உடம்பின் பெரும்பகுதி தீயில் வெந்துபோனவரின் மேல் காற்றுப் பட்டாலே எரிவதைப் போல, இவர்களுக்கு உணர்ச்சிக்கு மேல் தோல் இல்லை. அந்த எரிச்சல் உண்மையானது. பக்கத்தில் நிற்பவர் தொட்டது மெதுவாகத்தானே என்று சொல்லிப் பயனில்லை.

வெளியே வந்த பிறகு

டிஸ்சார்ஜ் ஆனதும் எல்லாம் சரியாகவில்லை. டல்சாவில் ஒருமுறை உயிரை மாய்க்க முயன்றார். சிகாகோவில் புது வாழ்க்கை தொடங்கப் போய், ஒய்எம்சிஏ விடுதியில் தங்கியிருந்தபோது மறுபடி முயன்றார். மறுபடி மருத்துவமனை. பிறகு ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. லயோலா பல்கலைக்கழகத்தில் மாலை வகுப்பு. கத்தோலிக்கப் பெண் என்பதால் சிற்றாலயத்தில் அடிக்கடி போய் உட்கார்வார். 1967-ல் ஒரு நாள் இரவு, சிகாகோவின் சினக்கிள் தியான இல்லத்தில், சிலுவையைப் பார்த்தபடி மண்டியிட்டிருந்தபோது ஏதோ ஒன்று நிகழ்ந்தது. இடமே பொன்னாக மாறியது போலிருந்தது என்றும், அறைக்கு ஓடிப்போய்த் தன்னைத் தான் நேசிப்பதாகத் தனக்கே சொல்லிக்கொண்டதாகவும் சொல்கிறார்.

இந்த இடத்தில்தான் பலர் கதையை முடித்துக்கொள்கிறார்கள்: கடவுள் அருள், குணமாகிவிட்டார். அதற்கடுத்து நடந்ததுதான் மருத்துவ முறையில் கவனிக்க வேண்டியது. ஒரு வருடம் போல அந்தப் பரவசம் இருந்தது. பிறகு ஒரு காதல் முறிந்தது. பழைய புயல் அப்படியே திரும்பி வந்தது. வித்தியாசம் என்னவென்றால், இந்த முறை அவர் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளவில்லை. உணர்ச்சி வந்தது, இருந்தது, போனது, அவர் கடந்தார். வேதனையின் அளவு குறைந்துவிடவில்லை, வேதனை வந்தால் என்ன செய்வது என்பது மாறியிருந்தது. என்ன மாறியது என்று அவருக்கே அப்போது விளங்கவில்லை. அதை விளங்கிக்கொள்ளப் பல ஆண்டு படிப்பு தேவைப்பட்டது.

1971-ல் லயோலாவில் முனைவர் பட்டம் வாங்கினார். பஃபலோ நகரில் தற்கொலைத் தடுப்பு மையத்தில் பயிற்சி, பிறகு ஸ்டோனி புரூக்கில் நடத்தைச் சிகிச்சைப் பயிற்சி. 1977-ல் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம். மற்றவர்கள் கைவிட்ட, மீண்டும் மீண்டும் தற்கொலைக்கு முயலும் பெண்களையே அவர் சிகிச்சைக்கு எடுத்துக்கொண்டார்.

முதலில் நடத்தைச் சிகிச்சையை மட்டும் வைத்துப் பார்த்தார். பிரச்சினை இது, தீர்வு இது, இப்படி மாற்றிக்கொள் என்ற வழி. நோயாளிகள் பொங்கினார்கள், எழுந்து போனார்கள். ‘தப்பெல்லாம் என் மேல்தான் என்கிறீர்களா?’ என்பதுதான் அவர்களுக்குக் கேட்டது. சரி, மாற்றச் சொல்லாமல் ஏற்றுக்கொள்வோம் என்று மறுபக்கம் போனார். அதுவும் கைகொடுக்கவில்லை. ‘நான் செத்துக்கொண்டிருக்கிறேன், நீங்கள் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்’ என்ற விரக்திதான் எழுந்தது. கடைசியில் எதிரெதிரான இரண்டையும் (பெயரில் உள்ள ‘இயங்கியல்’ இதுதான்) ஒரே மணி நேரத்துக்குள், சில சமயம் ஒரே வாக்கியத்துக்குள் கொண்டுவந்தார்: நீ இருக்கும் நிலையில் இப்படி வலிப்பது நியாயம், அதே சமயம் இதிலிருந்து நீ வெளியே வந்தாக வேண்டும், நான் கற்றுத் தருகிறேன். ஏற்பை எப்படிப் பழகுவது என்று தெரிந்துகொள்ள அவரே கலிபோர்னியாவில் ஒரு ஜென் மடத்துக்கும், பிறகு ஜெர்மனியில் வில்லிகிஸ் யேகர் என்ற கத்தோலிக்கத் துறவியும் ஜென் ஆசிரியருமானவரிடமும் போய்ப் பயின்றார். தன் குணமாதலில் நடந்தது எதுவோ அதை, கடவுள் நம்பிக்கை இல்லாதவரும் பழகக்கூடிய பயிற்சிகளாக உடைத்துத் தந்தார். என் கணிப்பில் லினஹனின் பெரிய வேலை இதுதான்.

சிகிச்சை எப்படி நடக்கிறது

முழு வடிவ டிபிடியில் நான்கு பகுதிகள். வாரம் ஒருமுறை சிகிச்சையாளரோடு தனிச் சந்திப்பு. வாரம் ஒருமுறை குழுவாகத் திறன் வகுப்பு. இடைப்பட்ட நாளில் நெருக்கடி வந்தால் சிகிச்சையாளரைத் தொலைபேசியில் அழைத்து, இப்போது என்ன செய்யலாம் என்று கேட்கும் வசதி. நான்காவது, சிகிச்சையாளர்கள் தங்களுக்குள் வாராவாரம் கூடிப் பேசுவது. நான்காவதைத்தான் நம் ஊரில் முதலில் வெட்டிவிடுவார்கள். அது வெட்டக் கூடாதது. தற்கொலைப் பேச்சை நாள் முழுக்கக் கேட்கிறவர் களைத்துப்போவார், பயப்படுவார், நோயாளி மேல் எரிச்சல்படுவார். அவரைத் தாங்க ஆள் வேண்டும்.

தனிச் சந்திப்பில் எதை முதலில் பேசுவது என்பதற்கு ஒரு வரிசை உண்டு. உயிருக்கு ஆபத்தான நடத்தை முதலில். அடுத்து, சிகிச்சையையே கெடுக்கும் விஷயங்கள்: வராமல் இருப்பது, சிகிச்சையாளர் தாமதமாக வருவதும் சேர்த்துத்தான். அதற்குப் பிறகே வேலை, வீடு, உறவு. நோயாளி தினமும் ஒரு அட்டையில் அன்றைய உந்துதல், உணர்ச்சி, பயன்படுத்திய திறன் இவற்றைக் குறித்துவர வேண்டும். வாரத்தில் தன்னைக் காயப்படுத்திக்கொண்டிருந்தால் அன்றைய சந்திப்பு முழுவதும் சங்கிலி ஆய்வுக்குப் போகும்.

ஒரு கற்பனை உதாரணத்தில் அதைப் பார்ப்போம். கல்லூரி மாணவி ஒருத்தி. செவ்வாய் இரவு தன்னைக் காயப்படுத்திக்கொண்டாள். ‘தோழி பேசவில்லை, அதனால்தான்’ என்கிறாள். சிகிச்சையாளர் அதோடு விடமாட்டார். முந்தின இரவு தூங்கினாயா? இல்லை, மூன்று மணிக்குத்தான். காலையில் சாப்பாடு? இல்லை. தோழிக்கு எத்தனை மணிக்கு மெசேஜ்? ஆறு. நீல டிக் விழுந்ததைப் பார்த்தபோது முதலில் மனதில் ஓடிய வாக்கியம் என்ன? ‘அவளுக்கு என்னைச் சலித்துவிட்டது.’ உடம்பில் எங்கே தெரிந்தது? தொண்டை அடைத்தது. அடுத்து? அம்மாவிடம் போனேன். அம்மா என்ன சொன்னார்? ‘எப்பப் பாரு போனையே பாத்துக்கிட்டு இரு.’ அடுத்து? அறைக் கதவைச் சாத்தினேன். இப்படிக் கண்ணி கண்ணியாக எழுதி முடித்தால், அறுக்கக்கூடிய இடம் ஐந்தாறு தெரியும். தூக்கம் ஓர் இடம். அந்த முதல் வாக்கியம் ஓர் இடம். கதவைச் சாத்துவதற்கு முன்னால் சிகிச்சையாளருக்கு ஒரு அழைப்பு, அது இன்னோர் இடம். திட்டும் இல்லை, பரிதாபமும் இல்லை. ‘ஏன் இப்படிச் செய்தாய்’ என்று கேட்கப்பட்டே வளர்ந்த பெண்ணுக்கு, ‘எப்படி நடந்தது’ என்று ஒருவர் பொறுமையாகக் கேட்பதே புது அனுபவம்.

தொலைபேசி அழைப்புக்கு ஒரு கண்டிப்பான விதி இருக்கிறது. காயப்படுத்திக்கொள்வதற்கு முன்னால் அழைக்க வேண்டும். காயப்படுத்திக்கொண்ட பிறகு 24 மணி நேரத்துக்குச் சிகிச்சையாளரின் தொலைபேசி உதவி கிடைக்காது. உயிர் ஆபத்து என்றால் அதற்கான அவசர உதவி உண்டு. கேட்பதற்குக் கடுமையாகத்தான் இருக்கும். காயப்பட்டால்தான் அன்பு வரும் என்ற கணக்கு மனதுக்குள் பதியாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. ஹார்ட்ஃபர்டில் தலைகீழாக நடந்தது. காயம் பட்டால் மட்டும் எல்லோரும் ஓடிவந்தார்கள், அடைத்தார்கள். காயம் இல்லாத நேரத்தில் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை.

திறன் வகுப்பில் நான்கு பாடம்: கவனத்தோடு இருத்தல், துயரைத் தாங்குதல், உணர்ச்சியை நெறிப்படுத்துதல், உறவில் கேட்கவும் மறுக்கவும் கற்றல். துயர் தாங்கும் பாடத்தில் ஒரு பயிற்சி வீட்டிலேயே செய்யக்கூடியது. உந்துதல் உச்சத்தில் இருக்கும்போது, அகலமான பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து, மூச்சை அடக்கி, கண்ணும் கன்னமும் நனையும்படி முகத்தை அரை நிமிடம் வைக்க வேண்டும். நீருக்குள் மூழ்கும்போது மனிதர் உட்படப் பாலூட்டிகளுக்கு இயல்பாக எழும் அனிச்சைச் செயல் தூண்டப்பட்டு இதயத் துடிப்பு குறையும். பிரச்சினை தீராது, யோசிக்கக்கூடிய அளவுக்கு உடம்பு இறங்கிவரும், அந்தச் சில நிமிடமே போதும். இதயக் கோளாறோ, உணவு மறுக்கும் நோயோ உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

சான்றுகள்

1991-ல் லினஹன் குழு வெளியிட்ட முதல் சோதனை. தற்கொலை முயற்சியோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வதோ திரும்பத் திரும்ப நடந்த பிபிடி பெண்கள், ஒரு வருடம். டிபிடி பெற்றவர்களில் 83% பேர் கடைசிவரை அதே சிகிச்சையாளரிடம் இருந்தார்கள். வழக்கமான சிகிச்சைக்குப் போனவர்களில் 42% பேர்தான். மருத்துவமனையில் கழித்த நாட்கள் சராசரியாக டிபிடி பிரிவில் 8, மற்றதில் 39. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் நிகழ்வுகளும் அவற்றின் கடுமையும் குறைந்தன. ஆனால் மனச்சோர்விலும் நம்பிக்கையின்மையிலும் இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். முதல் வருடத்தில் உயிர் காக்கப்படுகிறது. வாழ்க்கை இனிக்க இன்னும் காலம் பிடிக்கும். சிகிச்சைக்கு அனுப்பும் குடும்பம் இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் ஆறாம் மாதத்தில் ‘இன்னும் அழுகிறாளே’ என்று நிறுத்திவிடாது.

2006-ல் 101 பெண்களோடு இன்னொரு சோதனை. இம்முறை ஒப்பீட்டுப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர்கள், அந்தப் பகுதியில் கைதேர்ந்தவர்கள் என்று பெயர் வாங்கிய நிபுணர்கள். இரண்டு ஆண்டில் தற்கொலை முயற்சி டிபிடி பிரிவில் 23%, மற்றதில் 46%. 2015-ல் டிபிடியின் பகுதிகளைத் தனித்தனியாகப் பிரித்துச் சோதித்துப் பார்த்தபோது, காயப்படுத்திக்கொள்வதைக் குறைப்பதில் திறன் வகுப்பு சேர்ந்த சிகிச்சைகளே மேலாக இருந்தன.

டிபிடிதான் ஒரே வழி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கனடாவின் டொரான்டோவில் ஷெல்லி மெக்மெயின் குழு 180 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு டிபிடி, இன்னொரு பிரிவுக்கு நன்கு ஒழுங்கமைக்கப்பட்ட பொது மனநலப் பராமரிப்பு கொடுத்துப் பார்த்தது. 2009-ல் முடிவு வந்தது: இரண்டு பிரிவும் நன்றாகத் தேறின, இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. லண்டனில் ஆந்தனி பேட்மனும் பீட்டர் ஃபோனகியும் உருவாக்கிய மென்டலைசேஷன் சிகிச்சை, தன் மனதிலும் எதிராளி மனதிலும் என்ன ஓடுகிறது என்று நிதானித்துப் பார்க்கப் பழக்குகிறது. எட்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் அதன் பலன் நின்றிருந்தது. இந்த நோயைத் தெரிந்த ஒருவர், தெளிவான திட்டத்தோடு, அவசரப்படாமல், கைவிடாமல் ஓரிரு ஆண்டு உடன் இருப்பதுதான் எல்லாவற்றுக்கும் பொது என்று நான் புரிந்துகொள்கிறேன். டிபிடி பயின்றவர் கிடைக்காத ஊர்களுக்கு டொரான்டோ முடிவு பெரிய ஆறுதல்.

மாத்திரை பற்றிச் சுருக்கமாக. பிபிடிக்கென்றே தனி மருந்து இல்லை. மருத்துவர்களுக்கு வழிகாட்டு நெறிகள் தரும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2009-லேயே, பிபிடிக்காக மட்டும் மருந்து கொடுக்க வேண்டாம் என்றது. 2018-ல் 276 பேரிடம் லமோட்ரிஜின் மருந்தைச் சோதித்தபோது வெற்று மாத்திரையைவிட அது மேலாக இல்லை. கூடவே மனச்சோர்வோ, பதற்றமோ, தூக்கமின்மையோ இருந்தால் அதற்கு மருந்து வேண்டியிருக்கும். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் இதைப் படித்துவிட்டுத் தானாக நிறுத்துவது ஆபத்து.

‘இது ஆளுமை, மாறாது’ என்ற பேச்சை ஆய்வுகள் உடைத்துவிட்டன. அமெரிக்காவின் மக்லீன் மருத்துவமனையில் மேரி ஸனாரினி 290 பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார். பத்து ஆண்டில் 93% பேருக்கு, குறைந்தது இரண்டு ஆண்டு நீடித்த அறிகுறித் தணிவு கிடைத்தது. அறிகுறி தணிந்ததோடு, வேலையும் உறவும் நிலைத்த முழு மீட்பை எட்டியவர்கள் பாதிப் பேர். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் ஆதரவு செய்ய வேண்டிய இடம்: படிப்பைத் தொடர, வேலையில் நிற்க, நட்பை மீட்க. காயம் நின்றவுடன் குடும்பமும் மருத்துவரும் ஓய்ந்துவிடுகிறார்கள்.

வீடு

மார்ஷாவின் பெற்றோரைக் குற்றவாளிகளாக்க எனக்கு மனமில்லை. 1960-களின் டல்சாவில், அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று பெற்றோருக்கே தெரியவில்லை என்று அவருடைய தங்கை சொல்லியிருக்கிறார். லினஹனின் கோட்பாடும் பெற்றோரைக் கூண்டில் ஏற்றுவதில்லை. பிறவியிலேயே உணர்ச்சி கூர்மையான குழந்தை, அந்த உணர்ச்சியைப் பொருட்படுத்தாத சூழல், இரண்டும் ஆண்டுக்கணக்கில் ஒன்றையொன்று தூண்டிவிடுகின்றன. சிலர் வாழ்வில் கொடுமையோ துஷ்பிரயோகமோ இருந்திருக்கும். அங்கே அதைக் கொடுமை என்றே பெயர் சொல்லித்தான் ஆக வேண்டும். பல வீடுகளில் அன்பு நிறையவே இருந்திருக்கும். மற்ற பிள்ளைகளுக்குப் போதுமானதாக இருந்த வார்த்தை இந்தப் பிள்ளைக்குப் போதவில்லை.

மகள் சொல்கிறாள்: “நான் செத்தாதாம்மா உங்களுக்கெல்லாம் நிம்மதி.”

“என்னடி பேச்சு இது? உனக்கு என்ன குறை வச்சோம்? உங்கப்பா காதுல விழுந்தா தாங்குவாரா?” இது பதறிப்போன தாயின் வார்த்தை. அதற்குள் அன்புதான் இருக்கிறது. மகளுக்குக் கேட்பது: உன் வலிக்குக் காரணமில்லை, அது எங்களுக்குத் தொல்லை.

“ரொம்ப முடியலையாடி? என்ன நடந்துச்சுன்னு சொல்லு. நான் எங்கயும் போகல. செத்துப்போயிடலாம்னு இப்பத் தோணுதா?” இது இன்னொரு வழி. தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்தது போலாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள், அப்படி ஆவதில்லை. கேட்டால் பாரம் இறங்கும், ஆபத்தின் அளவும் நமக்குத் தெரியும். உணர்ச்சியை ஏற்பது என்பது சொன்னதையெல்லாம் சரி என்பதல்ல. “நீ கத்துறப்ப என்னால யோசிக்க முடியல. பத்து நிமிஷம் வெளிய உக்காந்துட்டு வர்றேன், கண்டிப்பா வருவேன்” என்று எல்லை போடலாம். போட்டால் பத்தாவது நிமிடம் வந்து நிற்க வேண்டும். கைவிடப்படும் பயத்தோடு வாழ்பவருக்கு அந்தப் பத்து நிமிடக் கணக்கு பிசகக் கூடாது.

இதைக் குடும்பத்துக்குக் கற்றுத்தரவே ஆலன் ஃப்ரூசெட்டியும் பெரி ஹாஃப்மனும் ஃபேமிலி கனெக்‌ஷன்ஸ் என்ற 12 வாரப் பயிற்சியை அமைத்தார்கள். அதே அனுபவத்தைக் கடந்த குடும்பத்தாரே பயிற்சி பெற்று வகுப்பை நடத்துகிறார்கள். பங்கேற்றவர்களின் துக்கமும் சுமையும் குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிபிடி உள்ளவரைச் சிகிச்சைக்குச் சம்மதிக்க வைக்க முடியாத வீடுகளில் தொடங்க வேண்டிய இடமும் இதுதான். வீட்டார் பேசும் விதத்தை மாற்ற அவருடைய சம்மதம் தேவையில்லை.

நம் ஊரில்

17 வயதில் மார்ஷாவுக்கு நடந்தவற்றில் பல இன்று இந்தியாவில் சட்ட விரோதம். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தனிமைச் சிறை போல அடைத்துவைப்பதைத் தடைசெய்கிறது. 18 வயதுக்குட்பட்டவருக்கு மின்னதிர்வுச் சிகிச்சை கொடுக்கக் காப்பாளரின் சம்மதத்தோடு மனநல வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும். சங்கிலியால் கட்டுவது எந்த வடிவிலும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியோடு 28 பேர் எரிந்து இறந்ததைப் பார்த்த மாநிலம் இது. அந்த ஒரு வரியின் கனம் நமக்குத் தெரியும். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது அந்தச் சட்டத்தின் 115-வது பிரிவு. போலீஸுக்குப் பயந்து சிகிச்சையை ஒளிக்க வேண்டியதில்லை.

தொடர்ந்து உடன் இருப்பது பற்றிய வலுவான சான்று ஒன்றில் சென்னைக்கும் கொழும்புக்கும் பங்குண்டு. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில், தற்கொலை முயற்சிக்குப் பின் அவசரப் பிரிவுக்கு வந்த 1867 பேரிடம் நடத்திய ஆய்வு அது, 2008-ல் வெளியானது. ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு அதோடு ஒரு மணி நேர உரையாடல், பிறகு 18 மாதத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ ‘எப்படி இருக்கீங்க’ என்ற விசாரிப்பு. தற்கொலையால் இறந்தவர்கள் முதல் பிரிவில் 2.2%, இரண்டாவதில் 0.2%. பிபிடிக்கென்று செய்யப்பட்ட ஆய்வல்ல என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் ஒன்பது விசாரிப்புக்கு என்ன செலவாகும்? மாமாவோ, அத்தையோ, பழைய ஆசிரியரோ, யார் வேண்டுமானாலும் செய்யக்கூடியது.

அரசின் டெலி மானஸ் எண் 14416. 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. நெருக்கடி உள்ள வீட்டில் மாத்திரை டப்பாவும் பூச்சிமருந்தும் பூட்டுக்குள் இருக்கட்டும், சாவி ஒருவரிடம் இருக்கட்டும். உந்துதலின் உச்சம் பெரும்பாலும் நெடுநேரம் நீடிப்பதில்லை. அந்த நேரத்தில் கைக்கெட்டாமல் இருப்பதே பல உயிரைக் காக்கிறது.

சிகிச்சையாளரைத் தேடிப் போகும் முதல் நாள் சில கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். பிபிடி உள்ளவர்களை முன்பு பார்த்திருக்கிறீர்களா? நெருக்கடியில் உங்களை எப்படித் தொடர்புகொள்வது, எந்த நேரத்தில் முடியாது? நீங்கள் விடுமுறையில் போனால் யாரைப் பார்ப்பது? குடும்பத்தோடு எப்போது பேசுவீர்கள், அவளுடைய எந்த ரகசியம் எங்களுக்கு வராது? எத்தனை மாதத்துக்குத் திட்டம்? டிபிடி பயிற்சி இல்லை என்று அவர் சொன்னால் எழுந்து வர வேண்டாம். இந்தக் கேள்விகளுக்கு நேராகப் பதில் சொல்கிறாரா, அடுத்த வாரத்துக்கான நேரத்தைக் குறித்துத் தருகிறாரா என்று பாருங்கள். தந்தால், அந்த நாளுக்கு அவளை அழைத்துக்கொண்டு போங்கள். வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போங்கள்.